சொந்த விமானம் வாங்கிய மகளுக்கு

விசுவமடு,
மாசி மாதம்.

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் இங்கே நலம். நீயும் மருமகனும் பேத்தியும் நலமாயிருக்க வற்றாப்பளை அம்மனை வேண்டுகிறோம். பெரும்போக வெட்டு முடிந்து, என் கராச்சுக்குத் திருத்த வந்த அறுவடை இயந்திரங்களும் ஒவ்வொன்றாகப் போய்விட்டபடியால், மூன்று கிழமையாகத் தள்ளிப்போட்ட இந்தக் கடிதத்தை ஆறுதலாக இருந்து எழுதுகிறேன். தொலைபேசியில் பேசினால் பாதியில் வேறு கதைக்குப் போய்விடுவோம்.

நீ இரண்டு விடயங்கள் கேட்டிருந்தாய். நண்பர்கள் இருவருடன் சேர்ந்து வாங்கிய 1974 ஆம் ஆண்டு செஸ்னா 172 விமானத்துக்கு, சேர்த்து வைத்த பணத்தில் புதிய மின்னணுத் திரைகளைப் பூட்டலாமா என்பது ஒன்று. கனடாவில் நீங்கள் விமானம் நிறுத்தும் சிறிய விமானத்தளத்தை மூடி வீடு கட்டக் கொடுக்கலாமா என்று நகரசபை கூட்டம் வைக்கப்போகிறது, அங்கே எழுந்து என்ன பேசலாம் என்பது மற்றது. இரண்டுக்கும் என் மனதில் இருப்பது ஒரே பதில்தான்: மனிதருடைய நலம் முதலில், மற்றவை பிறகு. ஆனால் அதற்கு முன் ஒன்றைச் சொல்லவேண்டும்.

நீ விமானம் வாங்கிவிட்டதாகச் சொன்ன இரவு அம்மா சாப்பிடவில்லை. கோபமில்லை, பிள்ளை. போர் நடந்த இந்த வன்னி மண்ணில் விமானம் என்ற சொல்லுக்கு வேறு பொருள் இருந்தது. கிபிர் போர்விமானத்தின் இரைச்சல் கேட்டவுடன் உன்னைத் தூக்கிக்கொண்டு பங்கருக்குள் குதித்ததும், நாள் முழுவதும் தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்த வேவு விமானத்துக்கு நீங்கள் சிறுவர்கள் 'வண்டு' என்று பெயர் வைத்திருந்ததும் அவளுக்கு மறக்கக்கூடியவை அல்ல. சிறிய விமானம் என்று இங்குள்ளவர்கள் அறிந்ததும் சிலின் 143 ஒன்றைத்தான். பயிற்சிக்கும் உல்லாசப் பயணத்துக்குமென்று செக் நாட்டில் செய்யப்பட்ட அந்த நான்கு இருக்கை விமானமும் 2007 இல் புலிகளின் கையில் குண்டு சுமந்தே இங்கிருந்து பறந்தது. ஆகவே, ஒரு குடும்பம் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏறிப் பறந்து, மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவரும் விமானத்தை நினைத்துப்பார்க்க எங்களுக்குச் சில நாட்கள் வேண்டியிருந்தன.

என்னை முதலில் மாற்றியது, முன்மூடியைத் திறந்துவைத்து நீ எடுத்தனுப்பிய படம். காற்றால் குளிரும் நான்கு சிலிண்டர்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு பிளக், ஒன்று நின்றாலும் மற்றது ஓட்டும்படி, பிளக்குகளுக்குப் பொறி கொடுக்கும் இரண்டு மக்னெற்றோ. இது எனக்குத் தெரிந்த சாதி எஞ்சின் என்று அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். எந்தக் கம்பனி செய்தாலும் இரு சக்கர உழவு இயந்திரத்தை நாங்கள் லாண்ட்மாஸ்ரர் என்றுதானே சொல்கிறோம். அந்தப் பெயரோடு இங்கிலாந்தின் நொட்டிங்காமிலிருந்து வந்த இயந்திரத்தை வடிவமைத்தவர் நமது நாட்டுப் பொறியியலாளர் ரே விஜேவர்தன. 2010 இல் காலமான அவர், சிறிய விமானங்களைத் தாமே கட்டித் தாமே ஓட்டியவரும்கூட. என்னை முப்பது வருடம் சோறு போட்டுக் காத்த மெசினையும் உன்னைப் போன்றவர்கள் ஓட்டும் விமானத்தையும் ஒரே கை தொட்டிருக்கிறது என்பது எனக்குப் பெரிய ஆறுதல். பின்னாளில் தாம் செய்த உழவு இயந்திரம் மண்ணுக்கு நன்மை செய்ததா என்று அவரே வெளிப்படையாகக் கேள்வி எழுப்பினார். தன் இயந்திரத்தை நேசிப்பவன் இப்படித்தான் இருக்கவேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

இனி விமானத்துக்கு வருகிறேன். திரை வாங்குவதை எதிர்க்கவில்லை. அதற்கு முன் பணம் போகவேண்டிய இடங்கள் உண்டு, அவை படத்தில் அழகாகத் தெரியாதவை.

முதலாவது, உன் இருக்கை. செஸ்னாவின் முன் இருக்கை தரையிலுள்ள தண்டவாளத்தில் முன்னும் பின்னும் நகர்ந்து, துளையில் ஊசி விழுந்து பூட்டிக்கொள்கிறது. வருடக்கணக்காக ஊசி உரசித் துளை தேய்ந்தால், மூக்கை உயர்த்தி மேலெழும் அந்த நேரத்தில் பூட்டு விட்டு இருக்கை பின்னால் ஓடும். ஓட்டுபவரோ கையிலிருக்கும் சுக்கானைப் பிடித்தபடியே பின்னால் போவார், விமானத்தின் மூக்கு இன்னும் மேலே போகும். இதில் உயிர்கள் போயிருக்கின்றன. 1987 இல் அமெரிக்க விமானத்துறை இதைச் சோதிக்கக் கட்டாய உத்தரவு போட்டது, துளை 0.42 அங்குலத்துக்கு மேல் தேய்ந்தால் தண்டவாளத்தை மாற்றவேண்டும். இருக்கை வழுவினாலும் தடுத்து நிறுத்தும் இரண்டாவது தடையொன்றும் கம்பனியிடம் உண்டு. உன் விமானத்தில் அது பூட்டப்பட்டிருக்கிறதா? அடுத்தது தோள்பட்டி. முன் இருக்கைகளுக்குத் தோள்பட்டி கட்டாயம் என்ற அமெரிக்க விதி 1978 யூலைக்குப் பிறகு செய்யப்பட்ட விமானங்களுக்கே உரியது. உன்னுடையது அதற்கு மூத்தது. நீ அனுப்பிய படத்தில் இடுப்புப் பட்டி மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

மூன்றாவதைச் சொல்ல ஒரு பழைய கதையை எழுதவேண்டும். நீ பிறப்பதற்கு முன், பெற்றோல் கிடைக்காமல் நீரிறைக்கும் மெசின்களை மண்ணெண்ணெயில் ஓட்டிய காலம். ஆவணியில் கிணற்று நீர் கீழே போய்விட்டது என்று பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர் மெசினைக் கிணற்றின் படிக்கட்டில் இறக்கிவைத்து ஓட்டினார். நின்றுபோன மெசினைப் பார்க்க இறங்கியவர் மேலே வரவில்லை. வேப்பங்குழையைக் கயிற்றில் கட்டி இறக்கி, காற்றுக் கலங்கும்வரை ஆட்டியபின்தான் நான் இறங்கினேன். அவருடைய முகம் வெளிறவில்லை; சிவந்து, தூங்குகிறவருடைய முகம்போல இருந்தது. மணமில்லாத, நிறமில்லாத காபனோரொட்சைட்டு செய்த வேலை அது. உன் விமானத்தில் குளிருக்கு வரும் சூடு, சைலன்சரைச் சுற்றிய உறைக்குள் காற்றை விட்டு எடுக்கிற சூடு. சைலன்சரில் மயிரிழை வெடிப்பு வந்தால் அந்தப் புகை நேரே நீங்கள் இருக்கும் அறைக்குள் வரும். கனடாவின் குளிரில் மாதக்கணக்காகச் சூடு போட்டுப் பறக்கிறவர்கள் நீங்கள். ஆகவே சத்தமிட்டு எச்சரிக்கும் மின்னணுக் கருவியொன்றை, நிறம் மாறும் ஒட்டு அட்டையை அல்ல, இந்தக் கிழமையே வாங்கிவிடு. பேத்தி ஏறும் விமானம் அது.

விழுந்தால் குரல் கொடுக்கும் அவசர ஒலிபரப்பியையும் பார். பழைய கருவிகள் 121.5 மெகாஹேர்ட்ஸில் கூப்பிடுகின்றன. செய்மதிகள் அந்த அலைவரிசையைக் கேட்பதை 2009 பெப்ரவரி 1 ஆம் திகதியோடு நிறுத்திவிட்டன. இப்போது அவை கேட்பது 406 இல் மட்டும். போர் முடியும் தறுவாயிலிருந்த அந்த நாட்களில் நாங்கள் இரணைப்பாலையில் ஒரு தறப்பாளுக்குக் கீழே இருந்தோம். கூப்பிடுகிறவர் கூப்பிட, கேட்கிறவர் இல்லாமற்போவது என்னவென்று உனக்கு நான் விளக்கத் தேவையில்லை.

இவற்றுக்குப் பிறகு திரை. விமானம் எப்படிச் சாய்ந்திருக்கிறது என்று காட்டும் செயற்கை அடிவானக் கருவியைச் சுழற்றும் வெற்றிடப் பம்புக்குள் இருப்பவை கரித் தகடுகள். அவை முன்னறிவித்தல் இல்லாமல் உடையும். முகிலுக்குள் அது நின்றால் மேல் எது கீழ் எது என்று தெரியாது. ஆகவே அந்த ஒரு கருவியை மின்னணுவில் மாற்றுவது நியாயமான செலவு. மிச்சத் திரைகளைப் பிறகு வாங்கலாம்.

எஞ்சினைப் பற்றி ஒரு சொல். லைக்கொமிங் கம்பனியின் இந்த எஞ்சினில், வால்வுகளைத் திறக்கும் கம்சாப்ற் மேலே இருக்கிறது, ஒயில் கீழே வடிகிறது. மாதக்கணக்கில் ஓடாமல் நின்றால் கம்சாப்ற் காய்ந்து, ஈரம் பிடித்து, துரு ஏறி, பிறகு அந்தத் துருவே உலோகத்தைத் தின்னும். 2000 மணித்தியாலம் ஓடவேண்டிய எஞ்சின் அதில் பாதியிலேயே பிரிக்கவேண்டி வருவது பெரும்பாலும் ஓட்டத்தால் அல்ல, கிடையால். குளிர் காலத்தில் நிலத்தில் நின்றபடி பத்து நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்தாதே. அது ஈரத்தைச் சேர்க்குமே தவிர வெளியேற்றாது. பறந்து, ஒயில் நன்றாகச் சூடேறி, அரை மணித்தியாலமாவது அந்தச் சூட்டில் நிற்கவேண்டும். மூன்று சொந்தக்காரர்களில் யாருக்கு எப்போது நேரம் என்று தவணை போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது நகரசபைக் கூட்டம். ரொறன்ரோவுக்குப் பக்கத்தில், நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கும் மார்க்கம் நகரில், நீ பயிற்சி பெற்ற பட்டன்வில் விமானத்தளம் 2023 நவம்பர் முடிவில் மூடப்பட்டபோது நீ அழுததை மருமகன் சொன்னார். 1952 இலிருந்து இயங்கும் கனடிய விமான உரிமையாளர் மற்றும் விமானிகள் சங்கம் கியூபெக்கில் நடத்திய வழக்கையும் எழுதியிருந்தாய். விவசாய நிலத்தில் அமைத்த சிறு விமானத்தளத்தை மாகாணச் சட்டத்தால் தடுக்கமுடியாது, வான்பறப்பு மத்திய அரசின் அதிகாரம் என்று 2010 இல் கனடாவின் அதியுயர் நீதிமன்றம் தீர்த்ததை அறிந்து மகிழ்ந்தேன். ஆனால் அந்தத் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போகாதே. நிலத்தை நம்பியிருக்கிறவனுக்கு, உன் சொல் இங்கே எடுபடாது என்று சட்டம் சொல்வது எப்படி இருக்கும் என்பதை நிலம் இழந்து மீண்ட நாம் அறிவோம். வழக்கில் வென்ற தளமும் அயலவர் மனதில் தோற்றால், ஒருநாள் வேறு வழியாக மூடப்படும்.

நீ ஈயத்திலிருந்து தொடங்கு. நீ அனுப்பிய படங்களில், ஒவ்வொரு சிலிண்டரின் கீழ்ப் பிளக்கிலும் குன்றிமணியில் பாதியளவான சாம்பல் நிறக் குண்டுகள் இடுக்கில் சிக்கியிருந்ததை போனில் பெரிதாக்கிப் பார்த்தேன். முல்லைத்தீவில் வலைக்குக் கோக்கிற அதே ஈயம். நீங்கள் ஊற்றும் நீல நிறப் பெற்றோலில் லீற்றருக்கு 0.56 கிராம் வரை ஈயம் இருக்கலாம். மணித்தியாலத்துக்கு முப்பது லீற்றரளவு எரிந்தால் பதினாறு, பதினேழு கிராம் வரை. பிளக்கில் நிற்பது கொஞ்சம், மிச்சம் கீழே போகிறது. கனடாவில் கார்களுக்கு ஈயம் கலந்த பெற்றோல் 1990 இலேயே நின்றது. உலகில் கடைசியாகக் கார்களுக்கு விற்ற அல்ஜீரியாவும் 2021 இல் நிறுத்திவிட்டது. சிறிய விமானங்கள்தான் மிச்சம். இதை எதிர்ப்பக்கத்தவர் சொல்லும்வரை காத்திராமல் நீயே எழுந்து சொல்லு. உன் 150 குதிரைவலு எஞ்சின் 80 ஒக்ரேன் தரப் பெற்றோலுக்கென்று செய்யப்பட்டது. ஈயமில்லாத 91 க்கும் 94 க்கும் லைக்கொமிங் அனுமதி கொடுத்திருக்கிறது. அந்தப் பெற்றோலைத் தளத்தில் விற்க ஒரு தாங்கி வேண்டுமென்று விமானக்காரர்களாகிய நீங்களே கேட்டால், கூட்டத்தில் உள்ளவர்கள் உங்களை வேறு கண்ணால் பார்ப்பார்கள். அதற்கு மாறும்போது வால்வையும் கவனி. வடக்கு டகோட்டாப் பல்கலைக்கழகம் 2023 இல் தன் பயிற்சி விமானங்களை ஈயமில்லாப் பெற்றோலுக்கு மாற்றியபின், புகைவால்வு வந்து அமரும் வளையத்தில் தேய்மானம் கண்டு அதே வருடம் பழையதற்குத் திரும்பியது. ஈயம் வால்வுக்கு மெத்தையாக இருந்ததை நாங்களும் மெசின்களில் கண்டிருக்கிறோம். ஆகவே அளந்து, எழுதிவைத்து, நிதானமாக மாறவேண்டும்.

பிறகு சத்தம். உன் தளத்தைச் சுற்றிச் சனிக்கிழமை காலையில் பயிற்சி விமானங்கள் ஒரே வீட்டுக் கூரைக்கு மேலே திரும்பத் திரும்ப வட்டமிடுகின்றன என்று நீயே சொல்லியிருக்கிறாய். அந்தக் கூரைக்குக் கீழே புதுக்குடியிருப்பிலிருந்து வந்த ஒரு தாய் இருந்தால், அவளுக்கு அது செஸ்னா இல்லை, வண்டு. அவளுடைய வீட்டுக்குப் போ. காலை எந்த நேரத்துக்கு முன் பறக்கமாட்டோம், எந்தத் தெருவைத் தவிர்ப்போம் என்று விமானக்காரர்கள் கூடி எழுதிக் கையெழுத்திட்டு அதைக் கூட்டத்துக்குக் கொண்டுபோங்கள். நோயாளரை ஏற்றும் விமானமும், நாளைய விமானிகளின் முதல் பறப்பும், காட்டுத்தீயை முதலில் காணும் கண்ணும் இந்தச் சிறு தளங்களிலிருந்துதான் புறப்படுகின்றன என்ற உன் நியாயம் பெரிய நியாயம். ஆனால் அது கையெழுத்துக்குப் பிறகு வரட்டும். விமானம் உங்கள் மூவருக்கும் சொந்தம். அதன் சத்தமும் ஈயமும், அதில் ஒரு பங்கும் இல்லாதவர்கள்மேல் விழுகின்றன.

அம்மா இப்போது சாப்பிடுகிறாள். நேற்று மாலை, நீ அனுப்பிய படத்தில் பேத்தி காதுக்குக் கருவி மாட்டிக்கொண்டு பின் இருக்கையில் இருப்பதைப் பார்த்து, பிள்ளைக்குப் பெரிதாக இருக்கிறது, சின்னதாக ஒன்று வாங்கச் சொல் என்றாள்.

அடுத்த முறை ஒயில் மாற்றும்போது உரிமமுள்ள பொறியியலாளரின் பக்கத்தில் நின்று, வடிகட்டியை அறுத்து, உள்ளிருக்கும் கடதாசி மடிப்பை வெயிலில் விரித்துப் படமெடுத்து அனுப்பு. மினுங்கும் துகள் இருக்கிறதா என்று நானும் பார்க்கவேண்டும். இருக்கைத் துளைகளின் அளவையும் மறக்காமல் எழுது.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா