ஏட்டுத் திருப்பணி நிறைவு அறிக்கை

அன்புள்ள அங்கத்தவர்களுக்கு,

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் நம் ஊரிலும் அயலூர்களிலும் வீடுகளிலும் கோயில்களிலும் இருக்கும் ஏடுகளையும் பழைய எழுத்துகளையும் துப்புரவாக்கி, படம்பிடித்து, பட்டியலிடும் வேலை நிறைவேறிவிட்டது. கோயில் வேலையைத்தான் நாம் திருப்பணி என்போம். இதற்கும் அந்தப் பெயரே தகும் என்று பொதுக்கூட்டத்தில் மூத்தவர் ஒருவர் சொன்னார். சபை மனமார ஏற்றுக்கொண்டது. வரவுசெலவுக் கணக்கு, பற்றுச்சீட்டுகள், நிதி தந்தவர்களோடு செய்த ஒப்பந்தம் எல்லாம் வாசிகசாலையில் இருக்கின்றன. யாரும் எடுத்துப் பார்க்கலாம். கணக்கில் அடங்காதவற்றை இங்கே எழுதுகிறோம்.

நமது முதல் விண்ணப்பம் தோற்றது. ஏடு வைக்கக் குளிரூட்டிய அறையோடு ஒரு கட்டடம் கேட்டிருந்தோம். ஆவணப் பாதுகாப்புக்கு நிதி தருபவர்கள் பெரும்பாலும் கட்டடத்துக்குத் தருவதில்லை என்பது அதன் பிறகுதான் விளங்கியது. இப்படியான நிதிகளில் பலருக்கும் தெரிந்தது பிரித்தானிய நூலகம் 2004 முதல் நடத்திவரும் அழியும் ஆவணங்களுக்கான திட்டம். அதன் அடிப்படை விதி எங்களுக்கு மிகவும் பிடித்தது: மூல ஆவணம் அது பிறந்த நாட்டை விட்டு வெளியே போகக்கூடாது, படம் மட்டுமே போகலாம். நம் நாட்டிலும் 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கக் கலாசாரச் சொத்துச் சட்டப்படி, பழைய பொருள்களை அனுமதிப்பத்திரம் இல்லாமல் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. இந்த இரண்டு விதிகளையும் வீடுவீடாகச் சொல்ல முடிந்தது பெரிய உதவி.

இரண்டாவது முறை கட்டடத்தை விட்டுவிட்டோம். முதலில் பட்டியல் எடுப்போம் என்று தீர்மானித்தோம். அது 2022, பெற்றோல் வரிசைக் காலம். நம் பிள்ளைகள் சைக்கிளில்தான் போனார்கள். எந்த வீட்டில் எத்தனை கட்டு, எது கறையான் தின்றது, எதற்கு மேலும் கீழும் வைத்துக் கட்டும் சட்டப்பலகை இல்லை, எதை இன்னும் வாசிக்கத் தெரிந்தவர் உயிரோடு இருக்கிறார் என்று கொப்பியில் எழுதினார்கள். வைத்திய ஏடு, சாதகம், காணி உறுதி, கூத்துப் பழக்கும் அண்ணாவிமாரின் கூத்துக் கொப்பி எல்லாம் அதில் வந்தன. மட்டக்களப்பில் கல்வெட்டு என்று சொன்னால் கல்லில் வெட்டியது மட்டும் அல்ல என்பதை வெளியார் அறியமாட்டார்கள். எந்தக் குடிக்கு (தாய்வழிக் குலத்துக்கு) எந்த ஊழியம், எந்த முறையில் வரிசை என்று ஏட்டில் எழுதி, கோயிலில் வாசிக்கப்படுவதும் நமக்குக் கல்வெட்டுத்தான். இதை விண்ணப்பத்தில் விளக்கி எழுதியபோதுதான் நம்மிடம் இருப்பதன் பெறுமதி நமக்கே தெரிந்தது என்று சொல்லவேண்டும். இந்த நிதியைக் கொண்டுவந்தது அந்தக் கொப்பிதான்.

இனி விண்ணப்பிக்கப்போகும் சங்கங்களுக்கு ஒரு சொல். செலவுத் திட்டத்தை ரூபாயில் மட்டும் போடாதீர்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாய் அளவில் இருந்தது, மே மாதம் 360 அளவுக்குப் போனது. கமராவும் வன்தட்டும் வெளிநாட்டுச் சாமான்கள். நாங்கள் அந்தத் தாளைத் திரும்பத் திரும்பக் கிழித்து எழுதினோம்.

வேலை தொடங்கியபோது முதலில் எதிர்கொண்டது பயம். ஒரு வீட்டில் அம்மா ஒருவர் றங்குப்பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டார். முன்னொரு காலம் படித்தவர் ஒருவர் வந்து, படித்துவிட்டுத் தருகிறேன் என்று அவருடைய தகப்பனிடமிருந்து ஒரு கட்டு ஏட்டைக் கொண்டுபோனாராம். அது திரும்பவே இல்லை. அன்றிரவே சபை கூடி ஒரு விதி செய்தது: எந்த ஏடும் எந்த வீட்டுப் படலையையும் தாண்டாது. மேசை, கறுப்புத் துணி, விளக்கு, கமரா எல்லாவற்றையும் அவருடைய விறாந்தைக்கே கொண்டுபோனோம். ஓலை ஓலையாக அவர் கண்முன்னேதான் படம் பிடித்தோம். நாள் கூடியது, செலவும் கூடியது. ஆனால் அந்த அம்மா மற்ற வீடுகளுக்குச் சொன்ன சொல்லால்தான் பல பெட்டிகள் திறந்தன.

கண்ணகை அம்மன் கோயில் ஏடுகள் வேறு கதை. வைகாசியில் கதவு திறந்து, அம்மனைக் குளிர்விக்கும் சடங்கான திருக்குளிர்த்தி முடியும்வரைதான் அவை வெளியே வரும். பூசை செய்யும் கப்புகனாரைத் தவிர வேறொருவர் தொடுவது வழக்கம் இல்லை. நிதியத்தாரின் கால அட்டவணைக்கு இது புரியவில்லை. கடிதம் எழுதி, ஒரு வருடக் காத்திருப்புக்குச் சம்மதம் வாங்கினோம். படம் பிடித்த இரண்டு பிள்ளைகளும் அந்த நாள்களில் மச்சமாமிசம் தின்னாமல், பிறப்பு இறப்புத் துடக்கு வீட்டுக்குப் போகாமல் இருந்தார்கள். ஓலையைக் கப்புகனாரே புரட்டினார். கண்ணகி வழக்குரை ஏட்டில் ஒரு ஓலை வந்தபோது அவர் புரட்டுவதை நிறுத்திவிட்டுப் பாடத் தொடங்கினார். யாரும் அவரைத் தடுக்கவில்லை. அந்தக் குரலையும் பதிவு செய்திருக்கிறோம்.

ஒரு விஷயத்தில் நிதியத்தாரோடு நாங்கள் உடன்படவில்லை. படங்கள் எல்லாம் இணையத்தில் எல்லாருக்கும் இலவசமாகத் திறந்திருக்கவேண்டும் என்பது அவர்கள் நிபந்தனை. பொதுவாக அது நல்ல நிபந்தனைதான். ஆனால் விஷகடி மந்திரம் வெளியே போனால் பலிக்காது என்று நம்பும் பரிகாரி (நாட்டு வைத்தியர்) வீட்டில் அதைச் சொல்லிக் கையெழுத்து வாங்க எங்களுக்கு மனம் வரவில்லை. அப்படிப்பட்ட கட்டுகளைத் திட்டத்திலிருந்து விலக்கி, அங்கத்தவர் சந்தாப் பணத்தில் படம்பிடித்து, பிரதியை அந்த வீட்டாரிடமே கொடுத்தோம். குடிவரிசை சொல்லும் கல்வெட்டுகளை உரிய கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர்மாரின் சம்மதத்தோடு உள்ளபடியே சேர்த்தோம். எது சரி, எது பிந்தியது என்று சபை ஒரு வரியும் எழுதவில்லை.

துப்புரவு வேலை பற்றிச் சிறிது. மெல்லிய தூரிகையால் தூசு தட்டி, எலுமிச்சைப்புல் எண்ணெய் இலேசாகத் தடவினால் காய்ந்த ஓலை வளையும். எழுத்து மங்கியிருந்தால் விளக்குக்கரி பூசித் துடைக்க, கீறலில் மட்டும் கரி நிற்கும். நம் பாட்டன்மார் செய்ததும் இதுதான். கடதாசிகளில் துருப்பிடித்த ஊசிகளைக் கழற்றினோம். ஒரு வீட்டில் பழைய காணி உறுதியைப் பாதுகாக்க எண்ணி யாரோ பிளாஸ்ரிக் ஒட்டி அடைத்திருந்தார்கள். உள்ளே அது பழுப்பேறி நொறுங்கிக்கொண்டிருக்கிறது, பிரிக்க வழி இல்லை. தயவுசெய்து பழைய தாளுக்கு யாரும் லமினேற் செய்யாதீர்கள். குளிரூட்டியும் வேண்டாம் என்று முடிவு செய்தோம். மின்சாரக் கட்டணத்துக்கு எந்த நிதியும் வராது. பகலில் போட்டு இரவில் நிறுத்தும் அறையில் ஈரப்பதன் ஏறி இறங்கி ஏட்டைக் கெடுக்கும். காற்றோட்டமான மேல்தட்டு, துணிச்சுற்று, வருடம் ஒருமுறை பிரித்துப் பார்ப்பது போதும்.

படங்கள் மூன்று பிரதிகளாக உள்ளன. ஒன்று வாசிகசாலையில், ஒன்று நிதியத்தாரிடம், மற்றது வாவிக்கு அப்பால் எழுவான்கரையில் ஓர் அங்கத்தவர் வீட்டில். 1978 நவம்பர் 23 சூறாவளியில் கூரையோடு போன ஏடுகளைப் பற்றிப் பல வீடுகளில் கேட்டோம். 2004இல் கடல் கொண்டுபோன றங்குப்பெட்டிகளைப் பற்றிக் கரையோரச் சொந்தங்கள் சொன்னார்கள். ஒரே இடத்தில் எல்லாவற்றையும் வைக்கும் துணிவு நமக்கு இல்லை.

நிதி முடிந்துவிட்டது. வன்தட்டுகள் காலத்துக்குக் கெட்டுப்போகும், சில வருடங்களுக்கு ஒருமுறை புதியதில் மாற்றவேண்டும். அந்தச் செலவு இனி நம்முடையது. சந்தாவில் ஒரு பங்கை அதற்கென்றே தனிக் கணக்கில் ஒதுக்கும் பிரேரணை அடுத்த பொதுக்கூட்டத்துக்கு வருகிறது. அனைவரும் வந்து கை உயர்த்தவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

அப்புறம், கூத்து ஒலிநாடாக்கள் மிஞ்சியிருக்கின்றன. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சலிஸ் நூலகத்தில் 20ஆம், 21ஆம் நூற்றாண்டு ஆவணங்களுக்கென்று தனியான ஒரு நிதித் திட்டம் இருக்கிறது. அதற்கும் முதலில் பட்டியல்தான் வேண்டும். வீட்டில் பழைய கசற் வைத்திருப்பவர்கள் அதைப் பழைய றெக்கோடரில் போட்டுப் பார்க்கவேண்டாம், நாடா அறுந்துவிடும். எத்தனை இருக்கின்றன, யார் ஆடிய கூத்து, எந்தக் களரியில் ஆடியது என்பதை மட்டும் ஒரு தாளில் எழுதி வாசிகசாலையில் கொடுங்கள்.

நிர்வாக சபை