சார்ட் வேண்டாம், அம்மிச்சிப் பாட்டியைக் கேட்கட்டும்

அன்புள்ள ஒன்பதாம் வகுப்புப் பெற்றோர்களுக்கு,

வணக்கம்.

போன சனிக்கிழமை பெற்றோர் கூட்டம் முடிந்து எல்லோரும் கிளம்பிக்கொண்டிருந்தபோது ஓர் அப்பா என் மேசைக்கு வந்தார். "ஏனுங்க டீச்சர், பையன் மூணு வாரமா தொழிற்புரட்சிங்கற ஒரே பாடத்தப் படிக்கறானுங்க. நேத்து அவங்க அம்மிச்சிகிட்டப் போயி, மில்லுக்குப் போறப்ப உங்கள யாரு எழுப்பிவிடுவாங்கன்னு கேக்கறான். இதெல்லாம் பரீட்சைக்கு வருமுங்களா?" என்றார். வராது. வந்தால் சந்தோஷம்தான், ஆனால் வராது. அன்றைக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் அவருக்கு அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். மற்றவர்களுக்கும் இதே கேள்வி இருக்கும் என்பதால் முழுதாக எழுதுகிறேன்.

இந்தப் பாடத்தை நானும் பல வருடம், நூற்பு, நெசவுக் கருவி, செய்தவர், ஆண்டு என்று அட்டவணை போட்டுத்தான் நடத்தினேன். பறக்கும் நாடா, ஜான் கே, 1733. ஸ்பின்னிங் ஜென்னி, ஹார்கிரீவ்ஸ், 1764. நீர்ச்சட்டகம், ஆர்க்ரைட், 1769. மியூல், கிராம்ப்டன், 1779. பிள்ளைகள் மனப்பாடம் செய்வார்கள், பொருத்துக பகுதியில் முழு மதிப்பெண் வாங்குவார்கள், அத்தோடு மறந்துவிடுவார்கள். போன வருடம் செயல்திட்டத்துக்கு வந்த சார்ட்டுகளில் பாதிக்கு மேல் ஒரே ஸ்டேஷனரி கடையில் வாங்கியவை. எல்லாவற்றிலும் ஜேம்ஸ் வாட் கொதிக்கிற கெட்டிலைப் பார்த்து நீராவி இயந்திரத்தைக் கண்டுபிடிக்கிறார். அவர் பிறப்பதற்கு முன்பே, 1712-லேயே, நியூகோமனின் நீராவி இயந்திரம் நிலக்கரிச் சுரங்கத்தில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தது. அந்த வகை இயந்திரத்தின் மாதிரி ஒன்று பழுதுபார்க்க வந்தபோது, அது ஏன் இவ்வளவு நீராவியை வீணாக்குகிறது என்று யோசித்தவர்தான் வாட். கெட்டில் கதையைவிட இது எவ்வளவோ சுவாரசியம். ஆனால் சார்ட்டில் வராது.

அதனால் இந்த வருடம் சமூக அறிவியல் ஆசிரியையும் நானும் வேறு மாதிரி செய்து பார்த்தோம். ஒவ்வொரு கருவிக்கும் ஒரே கேள்விதான்: இது வந்த மறுநாள் காலையில் யார் வீட்டில் என்ன மாறியது?

முதல் வாரம் பரணைத் திறந்தோம். கைத்தொழில் வகுப்பு நடந்த காலத்துத் தக்ளிகள் (கையால் சுழற்றி நூற்கும் கதிர்கள்) ஆறு துருவோடு கிடைத்தன. அட்டையில் பல் வெட்டிப் பாவு (நீளவாக்கு நூல்) கட்டி ஒரு சின்னத் தறி. மூன்று பேர் நூற்க, ஒருவன் ஊசியில் ஊடை (குறுக்கு நூல்) கோத்து நெய்தான். முதல் பத்து நிமிடம் நூல் போதுமானதாக இருந்தது. அப்புறம் அவன் கையில் ஓர் அடிஸ்கேலைக் கொடுத்து, பாவு இழைகளை ஒரே தூக்கில் பிரிக்கக் கற்றுக்கொடுத்தோம். ஜான் கேயின் நாடா, அதாவது ஊடையைக் கொண்டுபோகும் தறிக்கருவி, இது இல்லை. அது கயிற்றைச் சுண்டினால் தறியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தானே ஓடும். அகலமான துணிக்கு அதுவரை இரண்டு ஆள் வேண்டும், அது வந்தபின் ஒருவர் போதும். ஆனால் விளைவு அதேதான். எங்கள் நெசவாளர் வேகம் பிடித்ததும் "நூலு, நூலு!" என்று கத்த ஆரம்பித்தார். நூற்பவர்களைக் கூட்டினோம். ஆறு தக்ளியும் ஓடின, அப்போதும் போதவில்லை. அவசரத்தில் இழை அறுந்து தக்ளி தரையில் விழுந்துகொண்டே இருந்தது. பையன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் சொன்னாள்: "மிஸ், ஒரே ஆளு நாலஞ்சு தக்ளிய ஒண்ணாச் சுத்தற மாதிரி இருந்தா?"

ஆசிரியை ஒன்றும் பேசாமல் கரும்பலகையில் 8 என்று எழுதினார். ஹார்கிரீவ்ஸின் முதல் ஜென்னியில் இருந்தவை எட்டுக் கதிர்கள். ஜென்னி எதற்காக வந்தது என்று இனி அந்த வகுப்பில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் கேள்வி மறுநாள் காலையைப் பற்றியது அல்லவா? இங்கிலாந்தில் லங்காஷையர் பக்கம் ஏழை வீடுகளில் நூற்றுக் கொடுத்தது பெண்களும் குழந்தைகளும். எட்டுப் பேர் வேலையை ஒரே இயந்திரம் செய்தால் மற்ற ஏழு ராட்டைகள் என்ன ஆகும்? 1768-ல் அக்கம்பக்கத்தார் ஹார்கிரீவ்ஸின் வீடு புகுந்து ஜென்னிகளை உடைத்தார்கள். அவர் ஊரைவிட்டே நாட்டிங்ஹாமுக்குப் போய்விட்டார். 1811-லிருந்து அதே நாட்டிங்ஹாம் பக்கம், இயந்திரங்களை எதிர்த்த தொழிலாளிகளான லுட்டைட்டுகள் இராத்திரியில் பின்னல் சட்டகங்களை உடைத்தார்கள். 1812-ல் அப்படி உடைப்பதற்கு மரண தண்டனை என்று சட்டம் வந்தது. கவிஞர் பைரன் பிரபுக்கள் சபையில் அதை எதிர்த்துப் பேசியும் பலனில்லை.

உடைத்தது சரியா என்று வகுப்பில் விவாதம் வைத்தோம். கைத்தறிக்காரர் வீட்டுப் பெண் ஒரு பக்கம், விசைத்தறி வைத்திருப்பவர் வீட்டுப் பையன் மறுபக்கம். லுட்டைட்டுகளில் தொடங்கிய பேச்சு ஐந்தே நிமிடத்தில் நம் ஊருக்கு வந்துவிட்டது. கைத்தறிக்கென்று ஒதுக்கிய ரகங்களை விசைத்தறியில் ஓட்டக்கூடாது என்று 1985-ல் சட்டமே இருக்கிறதே, யார் பார்க்கிறார்கள் என்று அவள் கேட்டாள். பேங்க் கடன் எங்கப்பாதானே கட்டறாரு என்றான் அவன். இருவர் வீட்டிலும் அன்றைக்கு இது பேசப்பட்டிருக்கும். யாருக்காவது மனம் கோணியிருந்தால் மன்னிக்கவும். விவாதத்தை நிறுத்த மட்டும் எனக்கு மனம் வரவில்லை.

இனி அந்த அம்மிச்சி விஷயம். வீட்டுத் தறியில் நெய்தவர் தன் நேரத்துக்குத் தானே ராஜா. திங்கட்கிழமை வேலை செய்யாமல் இருப்பது இங்கிலாந்தில் ஒரு வழக்கம், 'புனித திங்கள்' என்று கேலியாகப் பெயர் வேறு. (வகுப்பில் இதற்குக் கிடைத்த வரவேற்பைச் சொல்ல வேண்டியதில்லை.) வார முடிவில் இராப்பகலாக நெய்து ஈடுகட்டிவிடுவார்கள். 1771-ல் ஆர்க்ரைட் கிராம்ஃபோர்டில் தண்ணீர்ச் சக்கரத்தில் ஓடும் நூற்பாலையைக் கட்டியபின் அது செல்லாது. சக்கரம் யாருக்கும் காத்திருக்காது. பன்னிரண்டு மணி நேரம் வீதம் இரண்டு ஷிப்ட். முழு நைட் என்பது நம் மில்களில் பிறந்ததல்ல. வீட்டில் கடிகாரம் வாங்க வசதியில்லாத தொழிலாளிகளை எழுப்புவதற்கென்றே ஆலை ஊர்களில் ஆட்கள் இருந்தார்கள். விடியும் முன் நீளக் கோலோடு தெருத்தெருவாகப் போய் மாடி ஜன்னலைத் தட்டுவார்கள், வாரத்துக்குச் சில பென்னி கூலி. இதைக் கேட்ட பையன்தான் அம்மிச்சியிடம் போய்க் கேட்டிருக்கிறான். அந்த அம்மா சொன்ன பதிலையும் மறுநாள் வந்து சொன்னான்: "சங்கு ஊதறதுக்கு முன்னாடியே முழிச்சுக்குவேன், முழிக்கலன்னா சம்பளம் போயிரும்."

நம் பள்ளி மணி வேப்பமரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டு என்பது உங்களுக்குத் தெரியும். உங்களில் சிலரே அதன் சத்தத்துக்கு ஓடி வந்தவர்கள். தண்டவாளமும் இந்தப் பாடத்தில் வருகிறது. லிவர்பூல், மான்செஸ்டர் ரயில் 1830-ல் ஓடத் தொடங்கியது. அதற்கு முன் ஒவ்வோர் ஊருக்கும் தன் சூரியன், தன் நேரம். லண்டனைவிடப் பத்து நிமிடம் பின்தங்கிய பிரிஸ்டலில் ஒரே கடிகாரத்துக்கு இரண்டு நிமிட முள் வைத்தார்கள், ஒன்று ஊருக்கு, ஒன்று ரயிலுக்கு. நம் நாட்டு ரயில்களும் பல காலம் மதராஸ் நேரத்தில்தான் ஓடின.

இரண்டாம் வாரம் கொஞ்சம் கனமானது. 1832-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு ஒன்று ஆலைக் குழந்தைகளைப் பற்றி விசாரித்தது. லீட்ஸ் நகரத்து எலிசபெத் பென்ட்லி அப்போது 23 வயதில் சாட்சி சொன்னார். ஆறு வயதில் வேலைக்குப் போனவர். வேலை அதிகமுள்ள நாட்களில் காலை 5 முதல் இரவு 9 வரை, மதியச் சாப்பாட்டுக்கு 40 நிமிடம். நூல் நிறைந்த பாபின்களைக் கழற்றி, காலி பாபின்களை மாட்டும் டாஃபர் வேலை. இந்த இடத்தில் வகுப்பு அமைதியாகிவிட்டது என்று ஆசிரியை சொன்னார். டாஃபர் என்ற சொல்லுக்கு அங்கே யாருக்கும் அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நான்கைந்து பிள்ளைகளின் வீட்டில் அம்மாவோ அக்காவோ அந்த வேலைதான் பார்க்கிறார்கள்.

1833-ல் வந்த சட்டம் நெசவாலைகளில் 9 வயதுக்குக் கீழ் வேலை கூடாது என்றது. 9 முதல் 13 வரை நாளுக்கு 9 மணி நேரம், கூடவே 2 மணி நேரம் படிப்பு. படித்ததற்கு ஆசிரியர் சான்று தர வேண்டும். அதில் சிலருக்கு எழுதவே தெரியாமல், கையெழுத்துக்குப் பதில் பெருக்கல் குறி போட்டுக் கொடுத்தார்கள் என்று ஆய்வாளர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். தலைமையாசிரியை என்ற முறையில் இதைப் படித்துச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வயதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? பிறப்புப் பதிவு அங்கே 1837-ல்தான் தொடங்கியது. அதுவரை உயரத்தையும் தோற்றத்தையும் பார்த்து மருத்துவர் சொன்னதுதான் வயது. "தலைக்கு மேல கைய வச்சு காதத் தொடச் சொன்ன மாதிரியா மிஸ்?" என்று ஒருவன் கேட்டானாம். அப்படித்தான். உங்கள் அப்பாக்களில் பலர் அந்தக் காதைத் தொட்டுத்தான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தார்கள். நம் நாட்டில் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881-ல் வந்தபோது வேலைக்கான குறைந்தபட்ச வயது 7.

மூன்றாம் வாரம் பருத்தி அரவை. விதையிலிருந்து பஞ்சைப் பிரிக்க அமெரிக்காவில் எலி விட்னி 1793-ல் இயந்திரம் செய்தார். கையால் பிரித்த அடிமைகளின் வேலை இதனால் குறைந்தது. அப்படியானால் அடிமைகளின் எண்ணிக்கை என்ன ஆகியிருக்கும் என்று கேட்டோம். அநேகமாக எல்லோரும் குறையும் என்று எழுதினார்கள். 1790-ல் சுமார் 7 லட்சமாக இருந்தது 1860-ல் ஏறக்குறைய 40 லட்சம் ஆனது. பிரிப்பது எளிதானதும் பருத்தி லாபமானது, பருத்தி வயல் பெருகியது, பறிக்க ஆள் வேண்டியிருந்தது. அந்தப் பஞ்சு போய்ச் சேர்ந்த இடம் லங்காஷையர். பிரிட்டனில் 1820 வாக்கில் 2 லட்சத்துக்கு மேல் இருந்த பருத்திக் கைத்தறி நெசவாளர்கள் நாற்பதே வருடத்தில் சில ஆயிரமானார்கள். ஆலைத் துணி கப்பலேறி நம் சோழமண்டலக் கரைக்கு வந்ததில் இங்குள்ள தறிகளும் நின்றன. கோயம்புத்தூரின் முதல் மில் 1888-ல் வந்தது. 1930-களில் நீலகிரியின் பைகாரா ஆற்று நீர்மின்சாரம் வந்தபின் மில்கள் வரிசையாக எழுந்தன. கிராம்ஃபோர்டிலும் இங்கேயும் ஓட்டியது தண்ணீர்தான் என்று ஒரு பிள்ளை விடைத்தாளில் எழுதியிருந்தது. அதற்கு நான் மதிப்பெண் போட்டேன், விடைக்குறிப்பில் இல்லாவிட்டாலும்.

சரி, பரீட்சை. அட்டவணையை நாங்கள் கைவிடவில்லை. கடந்த திங்கட்கிழமை ஒரு மதிப்பெண் தேர்வு வைத்தோம். ஆண்டுகளை எழுதுவதில் போன வருடப் பிள்ளைகளைவிட இவர்கள் குறைந்துபோகவில்லை. இந்தப் பாடத்தால் பின்தங்கிய இரண்டு பாடங்களை அடுத்த மாதச் சனிக்கிழமைகளில் முடித்துவிடுவோம்.

உங்களிடம் கேட்பது இரண்டே விஷயம். செயல்திட்டத்துக்குக் கடை சார்ட் வாங்காதீர்கள். வீட்டில் உள்ள பெரியவரிடம் பிள்ளை கேட்டு எழுதிய இரண்டு பக்கம் போதும், எழுத்துப்பிழை இருந்தால் இருக்கட்டும், நீங்கள் உட்கார்ந்து திருத்த வேண்டாம்.

அடுத்தது, வரும் வெள்ளிக்கிழமை மதியம் 2.30-க்கு, மில்லிலோ தறியிலோ வேலை பார்த்த தாத்தா, பாட்டிகளை வகுப்புக்கு அழைக்கிறோம். உரை எதுவும் தயாரிக்க வேண்டாம், பிள்ளைகள் கேட்பார்கள், அவர்கள் பதில் சொன்னால் போதும். பழைய டோக்கன், சம்பளச் சீட்டு, டிபன் கேரியர், தேய்ந்த நாடா என்று எது வீட்டில் இருந்தாலும் கொடுத்தனுப்புங்கள், பத்திரமாகத் திருப்பித் தருவோம். படியேற முடியாதவர்களுக்காக வகுப்பைக் கீழே நூலக அறைக்கு மாற்றியிருக்கிறோம். டீ உண்டு. முழு நைட் முடித்துத் தூங்கப் போகிறவர்கள் இதற்காகத் தூக்கம் கெட்டு வர வேண்டாம், அவர்களுக்கு இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியை