வழுக்குப் பாறையில் சிவப்பு பெயின்ட்

அன்புள்ள முரளி,

தீபாவளிக்கு நீ போட்ட கடிதம் இன்னும் என் மேஜை மேலேயே இருக்கிறது. பதில் எழுதாமல் விட்டது தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். அம்மாவுக்கு முட்டி வலி தேவலையா? உன் பையன் ஹாஸ்டல் சாப்பாட்டுக்குப் பழகிவிட்டானா? இங்கே எல்லோரும் சௌக்கியம். விடியற்காலையில் வேலூரில் குளிருகிறது என்று எழுதினால் ஓசூர்க்காரன் நீ சிரிப்பாய். சிரித்துக்கொள்.

இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் நம்ம மலை. ஆனால் அதை நேராகச் சொன்னால் உனக்குப் புரியாது. முதலில் ஒரு வீடியோ கேம் பற்றிச் சொல்ல வேண்டும். "இந்த வயசில் உனக்கு இது தேவையா" என்று ஆரம்பிக்காதே, முழுசாகப் படி.

மச்சினன் ஊருக்குப் போகும்போது அவனுடைய நின்டெண்டோ ஸ்விட்ச் என்கிற வீடியோ கேம் கருவியை என் பொண்ணிடம் விட்டுப்போனான். அதில் செல்டா விளையாட்டு ஒன்று, பிரெத் ஆஃப் த வைல்ட், 2017-இல் வந்தது. நூறு வருஷம் தூங்கி எழுந்த லிங்க் என்கிற பையன், கோட்டைக்குள் ஒரு பேயைத் தனியாக அடக்கி வைத்திருக்கிற இளவரசியிடம் போய்ச் சேர வேண்டும். கதை அவ்வளவுதான். இவள் இரண்டு மாசமாக ஆடுகிறாள், இளவரசி இன்னும் கோட்டைக்குள்தான் இருக்கிறாள். இவளோ காட்டுக்குதிரை பிடிக்கிறாள், சமைக்கிறாள், பனிச்சரிவில் ஒருத்தருக்கு ஆட்டத்துக்கு 20 ருபீ கொடுத்துவிட்டுப் பனி உருண்டையை உருட்டிக் கட்டைகளைத் தள்ளுகிறாள். அந்த ஊர்க் காசுக்குப் பெயரே ருபீ! சமையல் நேரத்தில் மட்டும் என் மனைவியும் வந்து உட்கார்ந்துவிடுவாள். பானையில் ஐந்து சாமான் வரை போடலாம். கார மிளகாய் போட்டுச் சமைத்தால் பனிமலையில் குளிர் தாங்கும். பழத்தோடு தவளையைப் போட்டால் வருகிற பண்டத்தைத் திரையில் மங்கலாக்கித்தான் காட்டுகிறார்கள், அவ்வளவு கேவலமாக இருக்குமாம்.

என்னைப் பிடித்துக்கொண்டது இதெல்லாம் இல்லை, கொரோக்குகள். இலையை முகமூடியாக மாட்டிக்கொண்ட குட்டி மரப்பூதங்கள். கதை நடக்கிற ஹைரூல் நாடு முழுக்க 900 கொரோக் விதைகள் ஒளிந்திருக்கின்றன. எங்கே இருக்கிறது என்று வரைபடம் சொல்லாது. ஒரு கல் வட்டத்தில் ஒரு கல் மட்டும் குறையும். வரிசையாக இருக்கும் சிலைகளில் எல்லாவற்றின் முன்னாலும் ஆப்பிள் இருக்கும், ஒன்றின் முன்னால் மட்டும் இருக்காது. நாம் போய் ஒன்றை வைத்தால் "யஹஹா!" என்று ஒரு கொரோக் குதித்து ஒரு விதை கொடுக்கும். பல மலைகளில் ஏறினால் உச்சியில் தனியாக ஒரு கல் கிடக்கும், தூக்கினால் அடியில் ஒருத்தன். விதைகளைக் கொடுத்து லிங்க்கின் ஆயுதப் பையைக் கடைசி வரை பெரிசாக்க 441 விதை போதும். மிச்சத்தையும் தேடி 900-ஐ முடித்தால் கிடைப்பது, பார்க்கப் பொன்னிறச் சாணி மாதிரி ஒரு பொருள். அதை வைத்துக்கொண்டு போனால் ஹெஸ்டு என்கிற பெரிய கொரோக் நமக்காக ஆடிக் காட்டுவான். இதற்காகவா இத்தனை மெனக்கெடல் என்று நீ கேட்பாய். முரளி, அந்தத் தேடல்தான் ஆட்டமே. எது பொருந்தாமல் இருக்கிறதோ அங்கே நின்று பார், இதைத்தான் அது திரும்பத் திரும்பச் சொல்லித் தருகிறது. என் பொண்ணுக்கு இப்போது அந்தக் கண் வந்துவிட்டது. பஸ்ஸில் போகும்போது பாலாற்றங்கரையில் ஒரு பனைமரம் மட்டும் சாய்ந்திருப்பதைக் காட்டி "அப்பா, அங்கே ஒருத்தன் இருப்பான்" என்கிறாள்.

அப்புறம் கேடயச் சறுக்கல். லிங்க் கேடயத்தைக் காலுக்கடியில் போட்டு மலைச்சரிவில் வழுக்கிக்கொண்டு வருவான். பனியிலும் மணலிலும் ஜோராகப் போகும், பாறையில் சறுக்கினால் கேடயம் தேய்ந்து உடையும். அதைப் பார்த்ததும், சின்ன வயசில் நம்ம மலையில் நாம் சறுக்கி விளையாடின வழுக்குப் பாறைக் கதையை அவளிடம் சொன்னேன். கோணி, தென்னை மட்டை, கீழே நின்று எண்ணுகிற நம்ம கூட்டாளி சோடாபுட்டி, எல்லாம். உன் டவுசர் விஷயத்தையும் சொல்லிவிட்டேன். மன்னிப்பெல்லாம் கேட்க மாட்டேன். அவள் ஒரே பிடி, "நம்ம மலை உச்சியிலும் கல் இருக்கா? போகலாம்பா."

கார்த்திகை முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை போனோம். கணியம்பாடி தாண்டும்போதே எனக்கு ஏதோ மாதிரி இருந்தது. ரோட்டிலிருந்து பார்த்தால் படுத்த எருமை மாதிரி தெரியுமே நம்ம மலை, எருமைக்குப் பின்பக்கமே இல்லை. வெள்ளையாக, நேர்செங்குத்தாக வெட்டி இறக்கியிருக்கிறார்கள். கீழே பள்ளத்தில் பச்சைத் தண்ணீர். பாலாற்று மணலை அள்ளி முடித்தார்கள், இப்போது எம்-சாண்டுக்கு மலையை அரைக்கிறார்கள்.

கிழக்குப் பக்கமாக ஏறினோம். வழியில் அவள் முதல் கல்லைத் தூக்கியதும் அடியில் ஒரு தேள். நான் கத்தினேன், அவள் கத்தவில்லை. கல்லை மெதுவாக அதே இடத்தில் வைத்துவிட்டு "யஹஹா" என்றாள். உச்சியில் தீபக் கல் அப்படியே இருக்கிறது, மூன்று நாள் முன்னே எரிந்த எண்ணெய்க் கரி கையில் ஒட்டியது. அதன் பக்கத்தில் கிடந்த கல்லை அவளே பார்த்துத் தூக்கினாள். அடியில் உடைந்த அகல் ஒன்று, திரி இன்னும் உள்ளே இருந்தது. அதைக் கைக்குட்டையில் சுற்றி வைத்துக்கொண்டாள்.

வழுக்குப் பாறை இருக்கிறது, முரளி. நடுவில் நம்மைப் போல எத்தனை பிள்ளைகள் உட்கார்ந்து தேய்த்த பள்ளமோ, அது இன்னும் பளபளவென்று இருக்கிறது. கையால் தடவினேன், வெயிலில் சூடாக இருந்தது. கோணி கொண்டுபோயிருந்தேன். அவள் நாலு தடவை சறுக்கினாள். ஐந்தாவது தடவை பாதியில் காலை ஊன்றி நின்றுவிட்டாள். "அப்பா, இது மட்டும் இங்கே சேரலையே" என்றாள். பாறையின் விளிம்பில் சிவப்பு பெயின்டில் ஒரு அம்புக்குறி, பக்கத்தில் ஒரு எண். அதற்கு ஒரு முழம் தள்ளி விரல் நுழைகிற அளவு வட்டமாக ஒரு துளை, வாயில் கல்மாவு இன்னும் புதுசாக வெள்ளையாக இருந்தது. நான் நாலு தடவை அதைத் தாண்டி நடந்திருக்கிறேன், என் கண்ணில் படவில்லை.

இறங்கி வந்து டீக்கடையில் விசாரித்தேன். ஒருத்தர் பட்டா நிலம் என்கிறார், இன்னொருத்தர் மலைப் புறம்போக்கு என்கிறார். பொங்கலுக்கு அப்புறம் வெடி இந்தப் பக்கம் வரும் என்பதில் மட்டும் இரண்டு பேருக்கும் சந்தேகமில்லை. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பொண்ணு ஸ்விட்ச்சைத் தொடவே இல்லை, சாப்பாடும் சரியாக இறங்கவில்லை அவளுக்கு.

சர்வே எண்ணைத் தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைத்ததும் மனு எழுதி, ஏதாவது ஒரு திங்கட்கிழமை குறைதீர்வு நாளில் நேரில் கொடுக்கப் போகிறேன். உன் கையெழுத்து வேண்டும், சோடாபுட்டியுடையதும் வேண்டும். அவனுடைய புது நம்பர் உன்னிடம்தான் இருக்கும். உங்கள் அப்பா அந்த மலையடியில் ஆடு மேய்த்த உரிமைச் சீட்டு ஏதாவது வீட்டுப் பெட்டியில் கிடக்கிறதா என்று அம்மாவிடம் கேள். பழைய காகிதம் எதுவானாலும் எடுத்து வை.

காணும் பொங்கலுக்குப் பையனைக் கூட்டிக்கொண்டு வா. லீவு இல்லை, வேலை இருக்கிறது என்று எழுதாதே. முதல் பஸ்ஸைப் பிடித்தால் வெயில் ஏறுவதற்குள் மலைக்குப் போய்விடலாம். கோணி நான் எடுத்து வைத்திருக்கிறேன், நாலு பேருக்கும் நாலு.

உன்,
செல்வம்