முதலில் மைனஸ்

அம்மிணி,

இருபது நாளாகப் பேச்சே இல்லை. நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு, "அப்பா, ஆல்டர்னேட்டரை வீட்டிலேயே மாத்த முடியுமா?" என்று மட்டும் கேட்டிருந்தாய். உடனே கூப்பிட்டேன், எடுக்கவில்லை. சரி, எழுதுகிறேன்.

முடியும். முதலில் மீட்டர் வைத்துப் பார். வண்டி நிற்கும்போது பாட்டரியில் 12.6 வோல்ட் காட்டும். ஸ்டார்ட் செய்ததும் 14-ஐ ஒட்டி ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் ஆல்டர்னேட்டர் பாட்டரியைச் சார்ஜ் செய்யவில்லை. அப்போதும் பெல்ட் தளர்ந்திருக்கிறதா, பின்னால் ஒயர் கழன்றிருக்கிறதா என்று பார்த்துவிடு. கார்பன் பிரஷ் மட்டும் தேய்ந்திருந்தால் அதை மாற்றினாலே போதும். புதுசு வாங்கிக் காசைக் கரைக்காதே. பணம் வேண்டுமென்றால் என்னிடம் கேள். மாப்பிள்ளை பக்கத்தில் நின்று டார்ச் அடிப்பார் இல்லையா?

கழற்றுவதற்கு முன் பாட்டரியில் மைனஸ் கேபிளை எடுத்துவிடு. ஆல்டர்னேட்டரின் தடித்த ஒயரில், சாவியை எடுத்த பிறகும் கரன்ட் இருக்கும். அப்புறம் பிளக், ஒயர், அட்ஜஸ்ட் போல்ட்டைத் தளர்த்தி பெல்ட், கடைசியில் அடி போல்ட். ஆளைப் போல கனக்காது, ஆனாலும் ஒரு கையால் தாங்கிக்கொள். மாட்டும்போது பெல்ட்டை நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர் போல அமுங்க வேண்டும். நம் மாருதி 800-இல் வாட்டர் பம்பையும் அந்த பெல்ட்தான் சுற்றுகிறது. தளர விட்டால் இன்ஜின் சூடேறிவிடும். உனக்குத் தெரியாததா? எட்டாவது படிக்கும்போதே சத்தத்தை வைத்து பெல்ட் என்று சொன்னவள் நீ.

மைனஸை மறக்காதே.

உன் வலது மணிக்கட்டில் இருக்கிற தழும்பு, நீ ஸ்பேனரைத் தவற விட்டதால் வந்தது என்றுதான் அம்மா இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறாள். அன்றைக்கு மைனஸைக் கழற்றாமல் ஸ்பேனரை வைத்தவன் நான். அது வண்டியின் பாடியில் உரசிப் பொறி பறந்தது, பிடித்துக்கொண்டிருந்த உன் கையில் பட்டது. "புள்ள கவனமில்லாம இருந்துட்டா" என்று அம்மாவிடம் சொன்னேன். நீ என்னை ஒரு தரம் பார்த்தாய். ஒன்றும் சொல்லவில்லை. மருந்து போடும்போதும் சொல்லவில்லை. அடுத்தவர் தப்பை வாயை மூடிச் சுமக்க உன்னைப் பழக்கிவிட்டது நான்தான் அம்மிணி. நேற்று முழுக்க அதுதான் மனசில் ஓடியது. அம்மாவிடம் இன்று காலை உண்மையைச் சொல்லிவிட்டேன்.

ஈரோட்டில் குர்லா வண்டி ஏறினால் புனேயில் இறங்கிவிடலாம். நீ வரச் சொன்னாலும் வருவேன், சொல்லாவிட்டாலும் வருவேன். பழைய ஆல்டர்னேட்டரைத் தூக்கிப் போட்டுவிடாதே, நான் பார்க்க வேண்டும்.

அப்பா