எட்டுப் படி இறங்கிப் பார்த்துவிட்டுத்தானே பிரீமியம் வாங்கினார்கள்?

ஹைதராபாத்தில் இருந்து இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஐஆர்டிஏஐ அதிகாரிகளுக்கு, வணக்கம்.

ஈரோட்டில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். குடோன் தரைக்குக் கீழே, எட்டுப் படி இறங்க வேண்டும். இன்சூரன்ஸ் பாலிசி போட வந்தவர் அந்த எட்டுப் படியும் இறங்கி, பேல்களை எண்ணி, போட்டோ எடுத்து, டீ குடித்துவிட்டுத்தான் போனார். அப்புறம் ஒருநாள் ராத்திரி மழைத் தண்ணீர் உள்ளே புகுந்து, கீழ் அடுக்கு லுங்கியெல்லாம் சாயம் இறங்கிப் போனது. கிளைம் போட்டேன். பேஸ்மென்ட் சரக்குக்குப் பாலிசி செல்லாது என்று நாலே வரியில் கடிதம் வந்தது.

வக்கீல்தான் டெக்ஸ்கோ மார்க்கெட்டிங் வழக்கைக் காட்டினார். அங்கேயும் பேஸ்மென்ட் கடைதான், ஆனால் தீ விபத்து. கடை கீழே இருப்பது தெரிந்தே பாலிசி கொடுத்துவிட்டு, பேஸ்மென்டுக்குப் பாலிசி கிடையாது என்ற விலக்கைப் பிறகு நீட்டுவது நியாயமற்ற வணிகம் என்று 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி எம்.எம்.சுந்தரேஷ், அவரும் ஈரோட்டுக்காரர் என்பதில் எனக்கொரு சின்னச் சந்தோஷம்.

கோர்ட் எப்போதும் வியாபாரி பக்கம்தான் என்று நான் சொல்லவில்லை. 2004இல் ஹர்சந்த் ராய் வழக்கில், பூட்டை உடைத்தோ பலவந்தமாகவோ உள்ளே நுழையாத திருட்டுக்குப் பணம் இல்லை என்றார்கள், ஏனென்றால் பாலிசியில் அப்படித்தான் எழுதியிருந்தது. சரி, எழுதியது எழுதியதுதான், ஆனால் அதை என்னிடம் யார் சொன்னார்கள்? விலக்குகளைப் பாலிசிதாரருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும் என்பது உங்கள் 2002ஆம் வருஷத்து விதிமுறையிலேயே இருந்ததே.

இப்போது நுகர்வோர் ஆணையத்தில், நான் தாமதமாகத் தகவல் சொன்னேன் என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்காரர்கள் புதுக் கதை கிளப்புகிறார்கள். மறுப்புக் கடிதத்தில் அப்படி ஒரு வார்த்தை இல்லை. கடிதத்தில் இல்லாத காரணத்தைப் பிறகு கொண்டுவரக் கூடாது என்று 2019இலேயே சௌராஷ்டிரா கெமிக்கல்ஸ் வழக்கில் தீர்ப்பு வந்தாகிவிட்டது. டெல்லி வரை போய் ஒருவர் ஜெயித்த பிறகும், அதே சண்டையை ஒவ்வொரு கடைக்காரனும் முதலிலிருந்து போட வேண்டுமா?

நான் கேட்பது ஒன்றுதான். இடத்தைப் பார்க்க வருபவர் பார்த்ததைப் பாலிசியின் முதல் பக்கத்திலேயே தமிழில் எழுதிக் கையெழுத்துப் போடட்டும், அந்த இடத்துக்குப் பொருந்தாத விலக்கை அங்கேயே அடித்துவிடட்டும். அடிக்க மனசு வரவில்லையா, பிரீமியத்தை வாங்காமல் படியேறிப் போகட்டும்.

இப்படிக்கு,
ஈரோட்டு ஜவுளி வியாபாரி ஒருவன்