கருடனைப் பிடித்துக்கொள்ளும் வேலை

சிங்கப்பூர்

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். பணம் வந்து சேர்ந்ததை அம்மா சொன்னாள். போனில் நீங்கள் "சாப்பிட்டியா" என்று கேட்டதுமே அம்மாவிடம் கொடுத்துவிடுகிறீர்கள், அதனால்தான் கடிதம்.

விலங்கு மருத்துவமனையில் என் வேலை கூண்டு கழுவுவது, இரை வெட்டி வைப்பது, டாக்டர் ஊசி போடும்போது பறவையைப் பிடித்துக்கொள்வது. மூன்று வாரம் முன்பு ஒரு கருடன் வந்தது. நம் ஊரில் ஆத்தா அண்ணாந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்ளுமே, அதே செம்மண் நிற உடம்பு, வெள்ளைத் தலை. இங்கே வீவக எனும் அரசாங்க அடுக்குமாடி புளோக்குகளுக்கு மேலேயே வட்டமிடும். ஒரு புளோக் அடியில் சுருண்டு கிடந்ததாம். அட்டைப்பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார்கள்.

மேலே ஒரு காயமில்லை. அலகைத் திறந்தால் உள்ளே சுண்ணாம்பு போல வெளுப்பு. இறகை விலக்கினால் பச்சைத் திட்டுகள். பறவைகளுக்கு ரத்தம் கன்றினால் பச்சையாகத்தான் மாறும். சோதனைக்கு ரத்தம் எடுத்த ஊசித்துளையை நெடுநேரம் அழுத்திப் பிடித்தும் கசிவு நிற்கவில்லை. எலி மருந்து என்றார் டாக்டர்.

ரத்தம் உறைய வைட்டமின் கே வேண்டும். உடம்பு அதைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும்; இந்த மருந்து அதைத் தடுத்துவிடுகிறது. தின்ற எலி உடனே சாகாது. சில நாள் தள்ளாடித் திரியும், பட்டப்பகலில் வெளியே வரும். பருந்துக்கு அதைவிட எளிய இரை ஏது? மருந்து கல்லீரலில் மாதக்கணக்கில் தங்கும் என்பதால் வைட்டமின் கே1 வாரக்கணக்கில் கொடுக்க வேண்டும். தலையில் துணி போட்டால் கருடன் அடங்கிவிடும். நகம் மட்டும் தோல் கையுறையையும் அழுத்தும்.

நான் எட்டாவது படிக்கையில் வைக்கோல்போர் பக்கம் வெள்ளை மூஞ்சி ஆந்தை ஒன்று மூக்கில் ரத்தத்தோடு கிடந்தது நினைவிருக்கிறதா? அம்மா அபசகுனம் என்று சூடம் கொளுத்தினாள். நீங்கள் வரப்போரம் புதைத்தீர்கள். அந்த வாரம்தான் சம்பா வயலில் மருந்துக் கட்டி வைத்திருந்தீர்கள். அதுதான் காரணமா என்று இனித் தெரியப்போவதில்லை. உங்களைக் குறை சொல்லவில்லை அப்பா. அந்த வருஷம் பாதிக் கதிரை எலி வெட்டியது. ஆனால் அந்த ஆந்தையும் எலி பிடிக்கத்தான் வந்திருக்கும்.

இந்தப் போகத்துக்குக் கட்டி வேண்டாம். எலி பிடிக்கக் கிட்டிப் பொறி வைப்பவர்களைக் கூப்பிடுங்கள், கூலி நான் அனுப்புகிறேன். ஆந்தை உட்கார வயலில் நாலைந்து இடத்தில் குறுக்குக் கட்டை வைத்த கழி நடுங்கள்.

கருடன் இப்போது தானாகத் தின்கிறது. நேற்று பெரிய கூண்டில் விட்டோம். இரண்டு கிளை தாண்டிப் பறந்து, மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டது. இன்னும் நாளாகும்.

கழி நட்டதும் தம்பியிடம் சொல்லிப் போட்டோ அனுப்புங்கள்.

உங்கள் மகள்