கொருக்குப்பேட்டையிலிருந்து கம்பாலாவுக்கு

அன்புத் தோழிக்கு,

இங்கு எல்லோரும் நலம். அம்மாவின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. தம்பிக்குத் துறைமுக வேலை இன்னும் ஒப்பந்தத்தில்தான் ஓடுகிறது. வீட்டுச் செய்தி இவ்வளவே. மீதிக் கடிதம் முழுவதும் சங்கத்தைப் பற்றித்தான் வரப்போகிறது. மனதில் இருப்பதை முழுதாகச் சொல்ல உன்னை விட்டால் எனக்கு வேறு யார்?

கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, வியாசர்பாடிப் பக்கத்து மாற்றுத்திறனாளிப் பெண்கள் தாங்களே கூடி நடத்தும் சங்கத்துக்கு நான் கணக்கெழுதுகிறேன் என்று சொல்லியிருந்தேன் அல்லவா? இந்த ஆண்டு அவர்கள் செய்த பெரிய வேலை, வீடு வீடாகப் போய் ஆள் தேடியதுதான். கணக்கெடுப்பது அரசின் வேலை, அதற்குச் சங்கம் எதற்கு என்று பலர் கேட்டார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பார். இந்தியா முழுவதும் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி, அதில் ஆண்கள் ஏறத்தாழ 1.5 கோடி, பெண்கள் 1.18 கோடி. அதே ஆண்டில் உலக சுகாதார நிறுவனமும் உலக வங்கியும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கையோ, உலகில் வயது வந்த பெண்களில் 19.2 சதவீதத்தினருக்கும் ஆண்களில் 12 சதவீதத்தினருக்கும் ஏதேனும் ஊனம் உண்டு என்கிறது. உலகெங்கும் பெண்கள் கூடுதலாக இருக்க, நம் நாட்டில் மட்டும் எப்படிக் குறைந்தார்கள்? வீட்டார் அவர்கள் பெயரைச் சொல்லவில்லை என்பதுதான் என் எண்ணம். தெருத் தெருவாகப் போனபின் அந்த எண்ணம் உறுதிப்பட்டது. "சின்னவளுக்கு வரன் பார்க்கிறோம், இவள் பெயரை எழுதிவிடாதீர்கள்" என்று ஒரு தாய் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார்.

ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் போலியோவால் கால்கள் செயலிழந்த ஒரு பெண் இருக்கிறார். நாற்பது வயதிருக்கும். எம்.சி. ரோட்டுத் துணிக்கடைகளுக்குப் போகும் சட்டைகளுக்குப் பொத்தான் தைக்கிறார். உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. அந்த வீட்டின் பாதி அரிசி அவர் கையால்தான் வருகிறது. ஆனால் தாய் சொன்ன பதில்: "அவள் சும்மாதான் இருக்கிறாள்." உழைப்பாளிகள் கணக்கிலும் அவர் இல்லை, மாற்றுத்திறனாளிகள் கணக்கிலும் இல்லை. அடையாள அட்டை கிடையாது. அட்டை இல்லாதவருக்கு உதவித்தொகையும் இல்லை. கடைசியாக எப்போது படியிறங்கினார் என்று கேட்டால், யாரோ ஒருவர் கல்யாணத்தைச் சொல்கிறார்கள்.

அந்தக் கதவைத் திறக்க வைத்தவர் எங்கள் சங்கத் தலைவி. இரண்டு கால்களிலும் காலிப்பர் என்னும் தாங்குகருவி அணிந்தவர். கைப்பிடிக் கம்பியைப் பற்றி ஒவ்வொரு படியாக மூன்று மாடி ஏறினார். மூச்சு வாங்க வாசலில் நின்ற அவரைப் பார்த்ததும் அந்தத் தாய் ஒன்றும் பேசாமல் நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் போயிருந்தால் வாசலோடு திருப்பி அனுப்பியிருப்பார்கள். உரிமை, சட்டம், திட்டம் என்று எத்தனை இருந்தாலும், தன்னைப் போன்ற ஒருத்தி வந்து கதவைத் தட்டாமல் இந்தப் பெண்கள் வெளியே வருவதில்லை. இதைத்தான் உனக்கு எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகை ஊனங்களையே ஏற்றது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளை ஏற்றிருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையின் ஆறாவது பிரிவு மாற்றுத்திறனாளிப் பெண்களுக்கென்றே எழுதப்பட்டது; 2007இலேயே இந்தியா அதற்கு ஒப்புதல் அளித்துவிட்டது. ஆனால் ஊனச் சான்றிதழுக்காக ஒரு பெண் முகாமுக்குப் போகும் நாளை நினைத்துப் பார். அங்குள்ள கழிப்பறைக்குள் சக்கர நாற்காலி நுழையாது. அதனால் முதல் நாள் இரவிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். எங்கள் உறுப்பினர்களில் பலருக்கு இது பழகிய பழக்கம். கேட்டதும் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

இந்தப் பெண்கள் ஏன் தனியாகச் சங்கம் வைக்க வேண்டும் என்று முன்பு நீ கேட்டாய். மகளிர் குழுக் கூட்டம் மாடியில் நடக்கிறது. மாற்றுத்திறனாளிகள் சங்கக் கூட்டத்துக்கு வருவோர் பெரும்பாலும் ஆண்கள். கூட்டம் முடிய இரவாகிவிடுகிறது. மாதவிலக்கு, கருப்பை, வீட்டுக்குள் நடக்கும் பாலியல் சீண்டல் ஆகியவற்றை அங்கே எப்படிப் பேசுவது?

வியாசர்பாடியில் ஒரு தாய், அறிவுத்திறன் குறைபாடுள்ள தன் மகளுக்குக் கருப்பையை எடுத்துவிடலாமா என்று எங்களிடம் கேட்டார். கொடுமைக்காரர் என்று அவரைச் சொல்ல மாட்டேன். காலையில் வேலைக்குப் போனால் மகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாத பெண் அவர். 1994இல் புணேயில் அரசு இல்லத்துப் பெண்களுக்கு இதையே மொத்தமாகச் செய்தபோது, பெண்கள் அமைப்புகள் தெருவுக்கு வந்து போராடின. 2009இல் சண்டிகர் அரசு இல்லத்துப் பெண் ஒருவரின் வழக்கில், அவர் சம்மதமில்லாமல் கருவைக் கலைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தாயிடம் தீர்ப்பை வாசித்துக் காட்டி என்ன பயன்? அதே நிலையில் மகளை வளர்த்த இன்னொரு தாய், அந்த வியாசர்பாடித் தாயின் மகளுக்கு நாப்கின் மாற்றக் கற்றுக்கொடுத்தார். பொறுமையாக, மாதக் கணக்கில். இப்போது அவளே மாற்றிக்கொள்கிறாள். அறுவை சிகிச்சைப் பேச்சே அந்த வீட்டில் இல்லை.

பெண்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்பது நம் ஊருக்குப் புதிதும் அல்ல. 1978இல் ஜெயா அருணாசலம் சென்னையில் உழைக்கும் மகளிர் அமைப்பைத் தொடங்கியபோது, தெருவில் கூடை வைத்து விற்ற பெண்களையே நம்பித்தான் தொடங்கினார். அடமானம் வைக்க எதுவும் இல்லாதவர்களுக்கு, ஒருவருக்கொருவர் பொறுப்பேற்கும் குழுதான் கடனுக்கு ஜாமீன். எங்கள் தலைவியின் பாட்டி அந்தக் காலத்தில் காசிமேட்டில் கருவாடு விற்றவர். பேத்திக்குத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று நான் வியப்பதில்லை.

ஒரு நல்ல செய்தி. 2025 ஜூன் மாதக் கடைசியில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 தாழ்தள மின்சாரப் பேருந்துகளை ஓட விட்டார்கள். சாய்தளத்தை இறக்கினால் சக்கர நாற்காலியோடு ஏறலாம். மாற்றுத்திறனாளிகள் பல ஆண்டுகள் உயர் நீதிமன்றப் படியேறி வாங்கிய பேருந்துகள் இவை. எங்கள் உறுப்பினர் ஒருவர், யாரும் தூக்கிவிடாமல் தானாக ஏறிய முதல் பஸ் என்று சொல்லி அழுதுவிட்டார். ஆனால் அவர் தெருவிலிருந்து நிறுத்தம் வரை நடைபாதை என்று சொல்லும்படி எதுவும் இல்லை. அடுத்த மனு அதற்குத்தான்.

உங்கள் உகாண்டாவைப் பற்றி நீ எழுதியதைக் கூட்டத்தில் வாசித்தேன். நாடாளுமன்றத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கென்று ஐந்து இடங்கள், அவற்றில் ஒன்றாவது பெண்ணுக்கு. உள்ளாட்சி மன்றங்களில் ஓர் ஆண், ஒரு பெண். 1999 முதல் மாற்றுத்திறனாளிப் பெண்களுக்கென்றே தேசிய ஒன்றியம். கேட்டதும் கூட்டம் அமைதியாகிவிட்டது. பிறகு ஒரே நேரத்தில் எல்லோரும் பேசினார்கள். தமிழ்நாட்டிலும் 2025இல் சட்டம் திருத்தி, உள்ளாட்சிகளில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினர்களாக நியமிக்க வழி செய்திருக்கிறார்கள். மனமார வரவேற்கிறேன். ஆனாலும் நியமனம் வேறு, தேர்தல் வேறு. நியமிக்கப்பட்டவர், தன்னை நியமித்தவர் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவார். பொத்தான் தைக்கும் அந்த அக்காவைப் போன்றவர்கள் வாக்களித்து அனுப்பும் பெண் மன்றத்தில் உட்கார வேண்டும் என்பது எங்கள் ஆசை. அதற்கு முதலில் அவர்கள் பெயர் பட்டியலில் ஏற வேண்டும். வீடு வீடாக அலைவது அதற்காகத்தான்.

நவம்பர் கடைசியில் சென்னை வருகிறாய் அல்லவா? டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் நாள். தண்டையார்பேட்டையில் எங்கள் கூட்டம். தரைத்தளத்தில்தான் இடம் பிடித்திருக்கிறோம். உகாண்டாவில் பெண் பிரதிநிதிகளை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள், யார் வாக்களிக்கிறார்கள், காது கேளாதவர்களுக்கு மன்றத்தில் சைகை மொழிபெயர்ப்பாளர் உண்டா என்று விசாரித்து வா. தலைவி கேள்விகளை எழுதியே வைத்திருக்கிறார்.

அன்புடன்,
உன் பழைய தோழி